கன்னாபின்னா கரும்பு

"அப்பா, இடது கையை நீட்டுங்க. கேனுலா போடணும்."

நாமக்கல்லில் ஓர் ஆஸ்பத்திரி. சர்க்கரை 350-ஐத் தாண்டிவிட்டதென்று கட்டிலில் போட்டிருந்தார்கள். அந்தப் பெண் என் புறங்கையைத் தட்டித் தட்டி, தூங்கிக்கொண்டிருந்த நரம்பை எழுப்பப் பார்த்தாள். "அப்பா" என்று கூப்பிட்டதிலேயே எனக்குப் பாதி உயிர் போயிருந்தது. மீதி பயத்தை மறைக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி, எதையாவது பேசுவது.

"கேனுலான்னா என்னன்னு தெரியுமா கண்ணு? லத்தீன்ல குட்டி நாணல்னு அர்த்தம்."

"நாணலோ கோணலோ, கையை ஆட்டாதீங்கப்பா" என்று சொல்லிக்கொண்டே குத்திவிட்டாள்.

மூன்று நாள் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்ததில் ஒன்று உறைத்தது. நான் ஜேடர்பாளையத்துக்காரன். எங்கள் ஊரில் காவிரிக்குக் குறுக்கே ஒரு படுகை அணை, அதிலிருந்து பிரியும் ராஜா வாய்க்கால், வாய்க்கால் நெடுகக் கரும்பு, கரும்புக்கு நடுவே புகை விடும் ஆலைக்கொட்டகை. அந்தக் கரும்பைத் தின்று, கரும்பில் காய்ச்சிய வெல்லத்தைத் தின்று, ஐம்பது வருஷம் கழித்து அதற்கான பில்லைக் கட்டப் படுத்திருக்கிறேன். கட்டும்போது கையில் செருகியிருக்கிற குழாயின் பெயரும் கரும்பின் தாயாதி. இது தற்செயலாக இருக்க முடியாது, ஏதோ பங்காளிப் பகை என்று தோன்றியது.

கதையின் வில்லன் பெயர் கன்னா. லத்தீனில் நாணல், குழாய்போல உள்ளே ஓட்டையாக வளரும் தட்டை. பிறந்த இடம் ரோம் அல்ல. மெசொப்பொத்தேமியாவில் யூப்ரடிஸ், டைக்ரிஸ் ஆற்றோரத்துச் சேறு. அங்கே அக்காடியர்கள் அதைக் 'கனூ' என்றார்கள். கிரேக்கன் எடுத்துக் 'கன்னா' என்றான். ரோமானியன் கிரேக்கனிடமிருந்து அப்படியே தூக்கிக்கொண்டான். சாமி சிலையிலிருந்து சமையல் வரை கிரேக்கனிடம் தூக்கியவனுக்கு ஒரு நாணல் பெரிதா?

வேடிக்கை என்னவென்றால், ரோமானியனுக்கு நாணலுக்குச் சொந்தமாக ஒரு வார்த்தை ஏற்கெனவே இருந்தது. 'அருந்தோ'. நல்ல குடும்பத்துப் பெண். செய்யுளில் எல்லாம் வரும். ஆனால் தெருவில் பேசுகிறவன் வாய்க்குக் கன்னாதான் வசதி. லத்தீன் உடைந்து இத்தாலியனாகவும் ஸ்பானியமாகவும் பிரெஞ்சாகவும் போர்த்துக்கீசியமாகவும் தனிக்குடித்தனம் போனபோது எல்லா வீட்டிலும் கன்னாவே நடுக்கூடத்தில் உட்கார்ந்தது. அருந்தோ தாவரவியல் புத்தகத்தில் ஒதுங்கி, விதவையாகக் காலம் தள்ளுகிறது.

நடுக்கூடத்துக்கு வந்தவள் சும்மா இருந்தாளா? வதவதவென்று பெற்றுத் தள்ளினாள்.

முதல் பிள்ளை 'கனாலிஸ்'. நாணல்போலத் தண்ணீர் போகும் குழாய், கால்வாய். இது பிரான்சுக்கு இரண்டு தடவை போனது. முதல் தடவை ஜனங்கள் வாயில் நடந்தே போய்ச் 'ஷெனால்' ஆகிவிட்டது. பின்னால் படித்தவர்கள் லத்தீன் புத்தகத்தைத் திறந்து, "அடடா, இதை விட்டுவிட்டோமே" என்று 'கனால்' என்று மறுபடி இறக்குமதி செய்தார்கள். பிரெஞ்சுக்காரனிடம் இரண்டையும் வாங்கிய இங்கிலீஷ்காரன் ஒன்றைச் சேனல் என்றான், இன்னொன்றைக் கேனால் என்றான். ஆக, ஆடிப்பெருக்கன்று எங்கள் அணைக்கட்டுக்கு வந்து, தோசைக்கல்லில் பொரியும் ஆற்றுமீனைக் கேமராவில் காட்டி "நம்ம சேனலை சப்ஸ்கிரைப் பண்ணிடுங்க மக்களே" என்று கத்துகிற பையன் கையில் வைத்திருப்பதும் நாணல்தான். அவன் பின்னால் ஓடுகிற ராஜா வாய்க்காலும் நாணல்தான். அந்த வாய்க்கால் பாயும் கரும்பைச் சர்க்கரை மில் ஆபீசர் 'கேன்' என்கிறாரே, அதுவும் நாணல்தான். ஒருத்தி பெற்ற மூன்று பேர் பத்தடி தூரத்தில் நின்றுகொண்டு ஒருவரை ஒருவர் தெரியாதமாதிரி இருக்கிறார்கள்.

ராஜா வாய்க்காலை வெட்டியவர் 17-ஆம் நூற்றாண்டில் பரமத்தியை ஆண்ட அல்லாள இளைய நாயகர் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அவருக்கு லத்தீன் தெரியாது, தேவையும் இருந்திருக்காது. தண்ணீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்குப் போகும் என்பது தெரிந்திருந்தது. தண்ணீருக்கு ஒரு வாய் வைத்து, ஒரு கால் கொடுத்து, வாய்க்கால் என்று விட்டுவிட்டார்கள் நம்மவர்கள். ரோமானியன் கால்வாயைப் பார்த்து நாணலை நினைத்தான். தமிழன் பார்த்து ஆளையே நினைத்திருக்கிறான். கடைமடைக்குத் தண்ணீர் வராத வருஷம் அந்த ஆளைத் திட்டுவதற்கும் வசதியாக இருக்கிறது.

இரண்டாவது பிள்ளை முரடன். இத்தாலியனில் எதற்குப் பின்னாலும் 'ஓனே' சேர்த்தால் அது பெரிசு. கன்னா பெரிசானால் 'கன்னோனே', பெரிய குழாய். அதில் வெடிமருந்தை அடைத்து, குண்டைப் போட்டு, பக்கத்து ஊரைக் காட்டிப் பற்றவைத்தான். இங்கிலீஷில் கேனன். ஆற்றோரம் காற்றில் தலையாட்டிக்கொண்டிருந்த செடியின் பெயர் கோட்டையை உடைக்கும் சாமானுக்குப் போய்விட்டது. நம்மவர்கள் இந்த விஷயத்தில் தெளிவு. குழாயைப் பார்க்கவில்லை, குழாயைத் தூக்கிக்கொண்டு வந்தவனைப் பார்த்தார்கள். 'ஃபிரங்கி' என்றால் பாரசீகத்தில் ஐரோப்பியன். அவன் கொண்டுவந்தது பீரங்கி. சுட்டவன் பெயரையே துப்பாக்கிக்கு வைத்தால் பின்னால் சாட்சி சொல்லச் சுலபம்.

மூன்றாவது பெண்பிள்ளை, வாசனைக்காரி. 'கன்னெல்லா', சின்ன நாணல். பட்டை காய்ந்து குழாயாகச் சுருண்டுகொள்கிறதே, அந்தப் பட்டை. பிரெஞ்சில் கனேல், போர்த்துக்கீசியத்திலும் ஸ்பானியத்திலும் கனேலா. 1505 வாக்கில் போர்த்துக்கீசியர் இலங்கைக்கு வந்து இறங்கினார்கள். அப்புறம் ஒன்றரை நூற்றாண்டு அங்கே உட்கார்ந்து அடித்துக்கொண்டதற்கு முக்கியக் காரணம் பிரியாணியில் நாம் எடுத்து ஓரமாக வைக்கிற இந்தச் சாமான்தான். போர்த்துக்கீசியத்தில் கனேலாவுக்கு இன்னொரு அர்த்தமும் உண்டு: முழங்காலுக்குக் கீழே முன்பக்கத்து எலும்பு. அதுவும் குழாய்தானே! கால்பந்து மைதானத்தில் ஒருவன் இன்னொருவனைப் பட்டையில் உதைத்தான் என்று லிஸ்பனில் சொன்னால் யாரும் சிரிக்கமாட்டார்கள்.

மற்ற பிள்ளைகளை வேகமாகப் பார்த்துவிடலாம். மாட்ரிட் ஓட்டலில் 'ஒரு கான்யா' என்றால் சின்ன கிளாஸில் பீர் வரும். இத்தாலியில் 'கன்னா' என்று ரகசியமாகக் கேட்டால் கஞ்சா பீடி. பிரேசிலில் ஒருவன் 'கனா'வுக்குப் போனான் என்றால் ஜெயிலுக்குப் போயிருக்கிறான். முதல் இரண்டும் முற்றினால் மூன்றாவது என்று ஒரு வாழ்க்கை வரலாற்றையே இதில் எழுதிவிடலாம். அமெரிக்காவில் மலையிடுக்குப் பள்ளத்தாக்கைக் கேன்யன் என்கிறார்களே, அது ஸ்பானியனின் 'கான்யோன்', அதே பெரிய குழாய்.

சொத்து பெரிதாக இருந்தால் போலி வாரிசும் வரும். கேனரித் தீவுகளுக்கு நாணலில் பங்கில்லை, அது லத்தீன் நாய், 'கானிஸ்'. ஜப்பான் கேமராக் கம்பெனி கேனனுக்கும் பீரங்கியில் பங்கில்லை. 1934-ல் அவர்கள் முதலில் வைத்த பெயர் குவானன், பௌத்த தெய்வத்தின் பெயர். வழக்கு தள்ளுபடி.

இந்த இடத்தில் எனக்கே ஒரு சந்தேகம் வந்தது. கம்பர் கதை நினைவிருக்கும். பாட்டே எழுதத் தெரியாத ஒரு விறகுவெட்டி, கன்னா பின்னா என்று எதையோ உளறிச் சோழன் சபையில் நிற்க, கம்பர் இரக்கப்பட்டு, "கன்னா என்றால் கர்ணனே என்று விளிக்கிறார்" என்று ஒவ்வொரு உளறலுக்கும் பொழிப்புரை சொல்லிப் பரிசு வாங்கிக்கொடுத்தாராம். சொல்லாராய்ச்சி செய்கிறவர்களில் பாதிப்பேர் கம்பர் வேலையைத்தான் செய்கிறார்கள். நான் இதுவரை சொன்னது அந்த ரகமில்லை, அகராதிக்காரர்கள் கையெழுத்துப் போட்ட சங்கதி. அகராதிக்காரர்களே முட்டிக்கொள்ளும் இடமும் ஒன்று உண்டு: கேரமல். தேன் நாணல் என்று பொருள்படும் 'கன்னமெல்லா'விலிருந்து வந்தது என்று ஒரு கட்சி. 'கலமுஸ்' என்ற இன்னொரு நாணலிலிருந்து வந்தது என்று எதிர்க்கட்சி. எந்தக் கட்சி ஜெயித்தாலும் நாணல் ஆட்சிதான்.

அந்தக் கலமுஸ் நமக்கும் பழக்கப்பட்டவர். கிரேக்க எழுதுகோல் அவர். அரபியில் 'கலம்' என்று ஆகி, நம் கலம்காரித் துணிக்குப் பெயர் கொடுத்தவர். பிரம்புக்கு லின்னேயஸ் என்ற தாவரவியல்காரர் வைத்த பெயரும் கலமுஸ்தான். எங்கள் வாத்தியார் ஒரு கையில் பேனாவும் ஒரு கையில் பிரம்புமாக வகுப்புக்குள் வருவார். இரண்டும் ஒரே பெயர் என்று அன்றைக்குத் தெரிந்திருந்தால் அடி கொஞ்சம் இலக்கியமாக வலித்திருக்கும்.

சரி, கரும்புக்கு வருவோம். கன்னாவுக்கு ரொம்ப காலம் கரும்பே தெரியாது. அலெக்சாந்தரோடு இந்தியாவுக்கு வந்த கப்பற்படைத் தளபதி நியார்க்கஸ் திரும்பிப் போய், அங்கே தேனீ இல்லாமலே தேன் கொடுக்கும் நாணல் இருக்கிறது என்று சொன்னார். ஊரில் என்ன சொல்லியிருப்பார்கள் என்று நம்மால் ஊகிக்க முடியும். துபாயிலிருந்து வந்தவன் சொல்வதைத் திண்ணையில் எப்படிக் கேட்பார்களோ அப்படித்தான்.

நானூறு வருஷம் கழித்து ரோமில் பிளினி. உலகத்தில் உள்ள அத்தனை விஷயத்தையும் ஒரே புத்தகத்தில் எழுதிவிடுவது என்று கிளம்பிய மனிதர். சர்க்கரையைப் பற்றியும் எழுதினார்: நாணலில் சேரும் தேன், வெள்ளையாகக் கோந்துபோல இருக்கும், பல்லில் கடித்தால் உடையும், அரேபியாவில் கிடைத்தாலும் இந்தியச் சரக்குதான் உசத்தி, மருந்துக்கு மட்டும் பயன்படும். மருந்துக்கு மட்டும்! இதே பிளினிதான் வருஷத்துக்கு 5 கோடி செஸ்டர்ஸ் காசை இந்தியா உறிஞ்சிவிடுகிறது என்று வேறோரிடத்தில் புலம்பியவர். உறிஞ்சிய காசில் கொஞ்சம் எங்களுக்குக் கூப்பிடு தூரத்தில், கரூர் அமராவதி மணலில் இன்னும் அகப்படுகிறது. கி.பி. 79-ல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது, என்னதான் நடக்கிறது என்று பக்கத்தில் பார்க்கப் போய் பிளினி செத்துப்போனார். கலைக்களஞ்சியம் எழுதுகிறவர்களுக்கு வரக்கூடாத வியாதி அது.

அந்தக் காலத்தில் நம் பக்கம் கரும்பு மருந்துச் சரக்கில்லை. குடும்பப் பெருமை. தகடூர் அதியமானை ஔவையார் பாடும்போது, இந்த மண்ணுக்குக் கரும்பைக் கொண்டுவந்ததே உன் முன்னோர்தான் என்று சொன்னது புறநானூற்றில் இருக்கிறது. நாமக்கல் மலையில் குடைவரைக் கோயில் வெட்டியதும் அதியர் வம்சம். எங்கிருந்து கொண்டுவந்தார்கள் என்று கேட்டால், தேவர்களிடமிருந்து என்று உரைகாரர்கள் கைகாட்டுகிறார்கள். தாவரவியல்காரர்கள் நியூகினித் தீவு என்கிறார்கள். நியூகினிக்காரர்களுக்குத் தங்களைத் தேவலோகம் என்று தமிழன் நினைத்தான் என்கிற செய்தி போய்ச் சேர்ந்ததா தெரியவில்லை.

சர்க்கரை என்ற சொல் சமஸ்கிருதத்தின் 'சர்க்கரா'. பருக்கைக்கல், சரளை மணல் என்று அர்த்தம். இந்தச் சரளை பாரசீகம் போய் 'ஷக்கர்', அரபு போய் 'சுக்கர்', லத்தீனில் 'சுக்காரும்', பிரெஞ்சில் 'சுக்ர்', இத்தாலியில் 'சுக்கேரோ'. ஸ்பெயின்காரனும் போர்த்துக்கீசியனும் மட்டும் அரபுக்காரன் முன்னால் ஒட்டிக் கொடுத்த 'அல்' என்ற பொட்டலத் தாளையும் பிரிக்காமல் விழுங்கி, 'அசுக்கர்', 'அசூகர்' என்றார்கள். அப்புறம் ஒரு நாள் போர்த்துக்கீசியன் மலபாரில் இறங்கி, அங்கே 'சக்கர' என்ற வார்த்தையைக் கேட்டான். தன் வீட்டு அசூகரின் சித்தி என்று தெரியாமல் அதைப் புதுச் சரக்காக எண்ணி 'ஜாகரா' என்று எழுதிக்கொண்டான். இங்கிலீஷ்காரன் வெல்லத்தை ஜாகரி என்பது அப்படி வந்தது. ஒரே சரளையை இரண்டு கடையில் இரண்டு பெயரில் வாங்கியிருக்கிறார்கள். பாவம், 'கரும்பு' என்ற சொல் மட்டும் எங்கேயும் போகவில்லை. தம்பிமார் வெளிநாடு போக, மூத்தவன் காட்டையும் மாட்டையும் பார்த்துக்கொண்டு வீட்டோடு இருந்துவிட்டான்.

1753-ல் ஸ்வீடனில் லின்னேயஸ் எல்லாச் செடிக்கும் லத்தீனில் ரேஷன் கார்டு எழுத உட்கார்ந்தார். கரும்புக்கு எழுதியது 'சக்காரும் ஒஃபிசினாரும்', மருந்துக்கடைக்காரரின் சர்க்கரை. அன்றைக்கு அது பழைய தகவல். இன்றைக்கு நாமக்கல் மெடிக்கல் ஸ்டோர்களைப் பார்க்கும்போது தீர்க்கதரிசனம்.

பரமத்தி வேலூர், பொத்தனூர் பக்கம் கொடிக்கால் வைத்திருப்பவர்கள் கேட்டால் சிரிக்கிற சங்கதி ஒன்றும் லின்னேயஸின் அந்தப் புத்தகத்திலேயே உண்டு. வெற்றிலைக்கு அவர் எழுதிய லத்தீன் 'பைப்பர் பெட்லே'. பைப்பர் எங்கிருந்து? கிரேக்கத்தின் 'பெப்பெரி'யிலிருந்து, அது நம் பிப்பிலியிலிருந்து, அதாவது திப்பிலி. பெட்லே எங்கிருந்து? மலபாரில் வெற்றிலை என்பதைக் கேட்ட போர்த்துக்கீசியனின் 'பெத்தெலே'யிலிருந்து. அது மலபார்ச் சொல் என்று கோவாவிலிருந்த போர்த்துக்கீசிய வைத்தியர் கார்சியா த ஒர்த்தா 1563-லேயே அச்சில் ஒப்புக்கொண்டுவிட்டார். வெற்றிலை என்றால் வெறும் இலை. பூவும் காயும் காட்டாமல் இலையோடு நிற்பதால் வந்த பெயர். ஆக, சர்வதேச விஞ்ஞானிகள் மரியாதையோடு உச்சரிக்கும் அந்த லத்தீன் பெயரின் முழு அர்த்தம்: 'திப்பிலி வெறும் இலை'. சந்தையில் இதைச் சொல்லிக் கவுளி விற்றால் அடிக்க வருவார்கள்.

கன்னாவையும் அவர் சும்மா விடவில்லை. கல்வாழைக்குக் 'கன்னா இந்திகா' என்று எழுதினார். எங்கள் வீட்டுப் புறக்கடையில் குளிக்கிற தண்ணீர் தேங்குமிடத்தில் சிவப்பும் மஞ்சளுமாகப் பூத்து நிற்குமே, அது. பெயரில் இந்தியா இருந்தாலும் செடி அமெரிக்கா. கொலம்பஸ் வழி தப்பிப் போன ஊர்களையும் இந்தியா என்றே சொல்லிப் பழகியதால் வந்த வினை. அந்தக் கொலம்பஸ்தான் 1493-ல் இரண்டாம் பயணத்தில் கரும்பையும் அங்கே கொண்டுபோய் இறக்கினான்.

இதற்கு மேல் கொஞ்ச தூரம் சிரிக்க முடியாது. அந்தக் கரும்பை வெட்ட ஆப்பிரிக்காவிலிருந்து மனிதர்களைக் கட்டி இழுத்துப் போனார்கள். 1848-ல் பிரான்ஸ் தன் குடியேற்றங்களில் அடிமைமுறையை ஒழித்தது. ஒழித்த கையோடு, புதுச்சேரி, காரைக்கால் வழியாகத் தமிழர்களை ஒப்பந்தத்தில் ஏற்றி ரீயூனியன், குவாதலூப், மார்த்தினிக் என்று இறக்கியது. இங்கிலீஷ்காரன் பங்குக்கு, 1860-ல் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பல் ஒப்பந்த ஆட்களோடு தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போனது. பிஜித் தோட்டத்துப் பெண்களுக்காகப் பாரதி அழுதது தமிழ் படித்த எல்லோருக்கும் தெரியும். ரீயூனியனில் நம் ஆட்களுக்கு 'மல்பார்' என்று பெயர். பிரெஞ்சு உடைந்து பிறந்த கிரியோல் அவர்கள் வாயில் ஏறியபோது கரும்புக்குக் 'கன்' என்றார்கள். அக்காடியன் சேற்றில் கிளம்பிய சொல் கடைசியில் தமிழன் வாய்க்குள் வந்தது இப்படித்தான். அகராதியில் யாரும் சொல்லித்தரவில்லை. கையில் அரிவாளோடு, வரிசையில் நின்று கற்றுக்கொண்டது.

ரொம்பத்தான் லத்தீனை மெச்சுகிறேன் என்று நினைக்கவேண்டாம். நம்மிடமும் கன்னாக்கள் உண்டு. 'கோல்' ஒன்று போதாதா? ராஜா பிடித்தால் செங்கோல், புலவன் பிடித்தால் எழுதுகோல், வியாபாரி பிடித்தால் துலாக்கோல், கிழவன் பிடித்தால் ஊன்றுகோல். இதைவிட எனக்குப் பிடித்தது ஆலை. முதலில் அது கரும்பைப் பிழிகிற எந்திரம், அவ்வளவுதான். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்கிற பழமொழியில் இருப்பது அந்த ஆலை. பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கேட்டால் பாக்டரி இல்லாத ஊர் என்கிறார்கள். கரும்பைப் பிழிந்த சொல் மெல்ல எழுந்துபோய் நூற்பாலை ஆயிற்று, காகித ஆலை ஆயிற்று. சேலத்தில் எவர்சில்வர் தகடு உருட்டுகிற உருக்காலையின் பெயருக்குள்ளும் ஒரு செக்கும், அதைச் சுற்றி வரும் ஒரு ஜோடி மாடும் ஒளிந்திருக்கின்றன. கன்னா பீரங்கி ஆனதற்கு இது எந்த விதத்தில் குறைச்சல்?

நாணலும் கரும்பும் ஒரே குடும்பம் என்று ரோமானியன் பேச்சுவாக்கில் சொன்னதைக் கோயம்புத்தூரில் கல்யாணமாகவே நடத்திவைத்தார்கள். 1912-ல் அங்கே கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கியது. பார்பர் என்ற வெள்ளைக்காரரும் வெங்கட்ராமன் என்ற நம்மவரும் சேர்ந்து, தின்கிற கரும்பையும் ஆற்றோரத்து நாணலையும் ஒட்டிச் சேர்த்து, 1918-ல் கோ 205 என்ற பிள்ளையைப் பெற்றெடுத்தார்கள். மாப்பிள்ளை காட்டான், ஆனால் நோய் நொடி தாங்குகிறவன். பின்னால் தாவரவியல்காரர் ஜானகி அம்மாள் வந்து கரும்பை மக்காச்சோளத்தோடும் சேர்த்துப் பார்த்தார். இன்றைக்கு எங்கள் காட்டில் நிற்பதும் அந்த வம்சம்தான், கோ 86032. முழுப்பெயர் சொல்ல யாருக்கும் நேரமில்லை, 'எண்பத்தாறு' போதும்.

நாலாம் நாள் குழாயைப் பிடுங்கிப் பஞ்சு ஒட்டி அனுப்பிவிட்டார்கள். பஸ் இறங்கி, வாய்க்கால் கரையோடு நடந்தேன். வழியில் மச்சானின் ஆலைக்கொட்டகை. கொப்பரையில் பாகு பதத்துக்கு வந்திருந்தது, மேலே நுரை சுருண்டு சுருண்டு ஒதுங்கிக்கொண்டிருந்தது. அடுப்பில் சக்கையைத் தள்ளிக்கொண்டிருந்தவர் இருமினார். ஒரு பக்கம் சாக்கில் உருண்டை வெல்லம், பிலிக்கல்பாளையம் ஏலத்துக்குப் போக முப்பது முப்பது கிலோ சிப்பமாகக் கட்டுகிறார்கள். சூட்டோடு வருகிற அந்த வாசனைக்கு லத்தீனிலும் பெயர் கிடையாது, தமிழிலும் கிடையாது.

"வாங்க மாப்ள. ஆஸ்பத்திரியில என்னங்க சொன்னாங்க?"

"கேனுலாவை எடுத்துட்டாங்க மச்சான்."

"எடுத்துட்டாங்கல்ல, அப்பறம் என்னங்க" என்று ஒரு கரும்புத் துண்டைச் சீவி, கொப்பரை ஓரத்தில் வழித்து என் கையில் கொடுத்தார்.